"பரவாதுன்னு தெரியும், ஆனாலும்..." – எச்.ஐ.வி. விஷயத்தில் இந்த 'ஆனாலும்' ஏன் போகவில்லை?

இளவேனில்

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது வெளியில் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அப்படி வெளியே சொன்னதே பெரிய தப்பு. நான் கேட்க வந்தது வேறு. மறுநாளே அவருடைய டம்ளர் மட்டும் மற்றவற்றிலிருந்து பிரிந்து ஜன்னல் ஓரம் போய்விட்டது. கழிப்பறைக் கதவின் கைப்பிடியை ஒருவர் டிஷ்யூ சுற்றித் திறக்கிறார். எல்லோரும் படித்தவர்கள். டம்ளரை நகர்த்தியவரிடம் நேராகவே கேட்டேன். "டம்ளர்ல எல்லாம் பரவாதுன்னு தெரியும், ஆனாலும் எதுக்கு வம்பு?" என்றார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் இதைப் பட்டியலாகப் படித்தோம். தொட்டால் பரவாது, கைகுலுக்கினால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று ஒப்பித்தோம், மதிப்பெண் வாங்கினோம். ஏன் பரவாது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் பட்டியலில் இல்லாத ஒன்று எதிரே வந்தால் பயம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நீச்சல் குளம், பல் டாக்டர், டாட்டூ, ஹெல்மெட் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் பரவும், பரவாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் காரணத்தோடு எழுதினால் நன்றாக இருக்கும். நான் அதை அச்செடுத்து அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன்.

ஆய்வக அன்பு

நல்ல கேள்வி இளவேனில். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் பல வருடங்களாக வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த வைரஸ் உடம்பில் எங்கே விழுந்தாலும் வளர்ந்துவிடாது. அதற்கு சி.டி.4 என்ற குறி மேலே உள்ள வெள்ளை அணுக்கள் வேண்டும். அந்தக் குறியில் ஒட்டி உள்ளே போனால்தான் பெருக முடியும். நம் தோலின் மேல்பரப்பு முழுக்க இறந்த செல்கள். அங்கே வந்து விழுந்த வைரஸுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. நேராக ரத்தத்துக்குள் போகவேண்டும், இல்லையென்றால் பிறப்புறுப்பு, மலக்குடல் போன்ற இடங்களில் இருக்கும் மெல்லிய ஈரச் சவ்வு வழியாக நுழையவேண்டும்.

அடுத்தது, எந்தத் திரவத்தில் வருகிறது என்பது. தொற்றும் அளவுக்கு வைரஸ் இருப்பது ரத்தம், விந்து, விந்துக்கு முன்னால் வரும் நீர், பெண்ணுறுப்புத் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில்தான். எச்சிலில் வைரஸ் இருந்தாலும் மிகமிகக் குறைவு, போதாததற்கு எச்சிலில் உள்ள சில புரதங்களே அதைத் தடுக்கின்றன. வியர்வை, கண்ணீர், சிறுநீர் வழியாகத் தொற்றாது.

மூன்றாவது, வெளியில் அதன் கதி. இந்த வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. அந்த உறை கெட்டால் வைரஸால் எந்த செல்லிலும் ஒட்ட முடியாது. சாதாரண சோப்பே அந்த உறையைக் கரைத்துவிடும். திரவம் காயக் காயத் தொற்றும் திறனும் போய்விடும். ஆய்வகத்தில் வேண்டுமென்றே மிக அதிகச் செறிவில் எடுத்துக் காயவிட்டுப் பார்த்தபோதே சில மணி நேரத்தில் 90 முதல் 99 விழுக்காடு செயலிழந்துவிட்டது. ஒருவர் உடம்பில் இருக்கும் அளவு அந்தச் செறிவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆக, எந்தத் திரவம், என்ன நிலையில், எந்த வாசல் வழியாக? எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். அந்த டம்ளரில் இருப்பது எச்சில், அதுவும் கழுவியது, போகும் இடம் வயிறு. மூன்றிலும் அடிபட்டுப் போகிறது.

கயல்

அன்பு, இதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கொசுதான் இடிக்கிறது. திரவம் ரத்தம், வாசல் நேராக ரத்தம். உங்கள் கணக்குப்படி பரவ வேண்டுமே? மலேரியாவும் டெங்குவும் பரவுகிறதே?

ஆய்வக அன்பு

கேட்கவேண்டிய கேள்வி. கொசுவின் ஊசிமுனைக்குள் இரண்டு தனித்தனிக் குழாய்கள் உண்டு. ஒன்றில் தன் எச்சிலை நமக்குள் விடும், இன்னொன்றில் நம் ரத்தத்தை உறிஞ்சும். முன்பு குடித்த ரத்தத்தை அது நமக்குள் செலுத்துவதே இல்லை. மலேரியாக் கிருமியும் டெங்கு வைரஸும் கொசுவின் உடம்புக்குள்ளேயே வளர்ந்து அதன் எச்சில் சுரப்பி வரை போய்ச் சேர்ந்துவிடும், அதனால் எச்சிலோடு நமக்குள் வரும். எச்.ஐ.வி.க்கு அந்த வழி அடைத்துவிட்டது. கொசுவுக்கு சி.டி.4 செல் கிடையாது, ரத்தம் செரிக்கும்போது வைரஸும் சேர்ந்து அழிந்துவிடுகிறது.

இதற்கு ஆய்வகத்துக்கு வெளியேயும் சான்று இருக்கிறது. 1985 வாக்கில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெல் கிளேட் என்ற சிறு ஊரில் எய்ட்ஸ் நோயாளிகள் எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தார்கள். சதுப்பு நிலம், ஏகப்பட்ட கொசு. கொசுதான் காரணம் என்று சிலர் உறுதியாகச் சொன்னார்கள், செய்தியும் பரவியது. ஆய்வாளர்கள் போய் ஊர் மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2 முதல் 10 வயதுக் குழந்தைகளில் ஒருவருக்கும் தொற்று இல்லை, 60 வயது தாண்டியவர்களிலும் ஒருவருக்கும் இல்லை. கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லையே. தொற்று இருந்தவர்களிடம் விசாரித்தால் உடலுறவும் போதை ஊசியும்தான் காரணம் என்று தெரிந்தது.

கயல்

குழந்தைகளுக்கு இல்லை என்ற ஒன்று போதும். இதைப் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தால் நான் இந்தச் சந்தேகத்தை இத்தனை வருடம் சுமந்திருக்க மாட்டேன்.

குணசீலன்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அறைத்தோழிக்கு எச்.ஐ.வி. உண்டாம், பிறவியிலிருந்தே. அந்தப் பெண்ணே இவளிடம் நம்பிச் சொல்லியிருக்கிறாள். இவள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. அறையை மாற்றிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

புத்தகத்தில் ஆயிரம் எழுதலாம். டாக்டர்களே கையுறை போட்டுக்கொண்டுதானே தொடுகிறார்கள்? ஒன்றும் இல்லை என்றால் அது எதற்கு? ரேஸரைப் பகிராதே என்று ஆஸ்பத்திரியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

செவிலி மரகதம்

குணசீலன் சார், பெற்றவர் மனசு எனக்குப் புரிகிறது. கோபம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கையுறை. நாங்கள் எச்.ஐ.வி. நோயாளி என்று பார்த்துப் போடுவதில்லை. ரத்தம் எடுக்கப் போனால் யாராக இருந்தாலும் போடுகிறோம், உங்களுக்கும் போடுவோம். முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க விதி. நாடி பார்க்கும்போதும், பிடித்து உட்காரவைக்கும்போதும், போர்வையைச் சரிசெய்யும்போதும் யாருக்கும் கையுறை வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு மட்டும் ஒரு ஆஸ்பத்திரியில் அதற்கும் கையுறை போடுகிறார்கள் என்றால் அங்கே பயிற்சி சரியில்லை.

ரேஸர். பகிரக்கூடாது என்பது சரிதான். ஆனால் அதற்கு முதல் காரணம் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி. அந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். நோயாளிக்குக் குத்திய ஊசி, தடுப்பூசி போடாத ஒரு பணியாளர் கையில் குத்தினால் ஹெப்படைடிஸ் பி தொற்ற 6 முதல் 30 விழுக்காடு வரை வாய்ப்பு. ஹெப்படைடிஸ் சி என்றால் அதைவிட மிகக் குறைவு. எச்.ஐ.வி. என்றால் சுமார் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் மூன்று. இதுவும் நோயாளி மருந்து எடுக்காத நிலையில், ரத்தத்தோடு இருக்கும் ஊசி தோலைத் துளைத்து உள்ளே போனால்.

எனக்கே இது நடந்தது. வார்டில் ஊசியை அப்புறப்படுத்தும்போது விரலில் ஏறிவிட்டது. நோயாளிக்கு எச்.ஐ.வி. என்று எனக்குத் தெரியும். விரலைப் பிதுக்கவோ வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன், மேலதிகாரியிடம் சொன்னேன், அன்றைக்கே தடுப்பு மாத்திரை ஆரம்பித்தார்கள். பெப் என்போம். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். முதல் வாரம் குமட்டல் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. கடைசிப் பரிசோதனை வரை நெகட்டிவ்தான்.

இந்த மாத்திரை செவிலியருக்கு மட்டும் உள்ளது இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், ஆணுறை கிழிந்து பயந்து நிற்பவர், ஊசி குத்தியவர் எல்லோருக்கும் அதே 72 மணி நேரம்தான். இது தெரியாமல் எத்தனையோ பேர் அந்த மூன்று நாளை அழுதே கழித்துவிடுகிறார்கள். டம்ளர் பற்றிய பாடத்தைவிட இந்தப் பாடம்தான் ஊருக்கு அவசரம்.

இளவேனில்

மரகதம் அக்கா, அந்த 72 மணி நேரம் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அடித்துச் சொல்வேன். அச்செடுக்கும் தாளில் முதல் வரியாக அதைத்தான் போடப் போகிறேன்.

மழைத்துளி

பல மாதமாக இங்கே படிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன், இன்றைக்கு எழுதவேண்டும் போலிருந்தது. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என் கணவருக்கு இல்லை.

குணசீலன் சார், உங்கள் பதிவைப் படித்ததும் வருத்தம் வந்தது, ஆனால் உங்களைத் திட்ட வரவில்லை. என் அப்பாவும் இதே மாதிரிதான் இருந்தார். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அவ்வப்போது பார்ப்பார்கள். 'கண்டறிய முடியவில்லை' என்றுதான் அறிக்கை வருகிறது, பல வருடமாக அப்படித்தான். இந்த நிலையில் உடலுறவு மூலம்கூட என்னிடமிருந்து யாருக்கும் போகாது. டாக்டரிடம் கேட்டுத் திட்டமிட்டுத்தான் குழந்தை பெற்றோம். கணவர் நெகட்டிவ், மகள் நெகட்டிவ்.

உடலுறவிலேயே போகாதது ஒரே அறையில் தூங்குவதால் எப்படிப் போகும்?

என்னிடம் எல்லாரும் கவனமாக விலகிப் போகிறார்கள். எனக்கு இருப்பது எனக்குத் தெரியும், மருந்து சாப்பிடுகிறேன். பரிசோதனையே செய்யாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. சொன்னவரைக் கண்டு பயந்தால் இனி யார் வாயைத் திறப்பார்கள்? பரிசோதனைக்குத்தான் யார் போவார்கள்?

ராகவன் வாத்தியார்

மழைத்துளி, எழுதியதற்கு நன்றி அம்மா.

குணசீலன்

தங்கச்சி, உன்னைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் 'போகவே போகாது' என்பது எனக்கு ஏறவில்லை. குறைவு என்றால் நம்பலாம். அடியோடு இல்லை என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஆய்வக அன்பு

எழுதியே கொடுத்திருக்கிறார்கள் குணசீலன் சார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 1996க்குப் பிறகு பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து வந்ததும் மாறிப்போன பெரிய விஷயம் இதுதான். நம் பொதுப் பேச்சு இன்னும் அதற்கு முந்தைய காலத்திலேயே நிற்கிறது.

ஹெச்.பி.டி.என். 052 என்று ஒரு ஆய்வு. 9 நாடுகள், 1,763 ஜோடிகள், ஒருவருக்குத் தொற்று உண்டு, துணைக்கு இல்லை. ஒரு பிரிவுக்கு உடனே மருந்து, இன்னொரு பிரிவுக்கு அப்போதைய வழக்கப்படி சற்றுத் தாமதித்து மருந்து. 2011இல் இடைக்கால முடிவு வந்தபோது, உடனே ஆரம்பித்த பிரிவில் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்திருந்தது.

"அப்போ மிச்சம் 4?" என்று நீங்கள் கேட்பீர்கள். மருந்து ஆரம்பித்த அன்றைக்கே வைரஸ் குறைந்துவிடாது, சில மாதம் எடுக்கும். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதைத் தனியாகப் பார்த்தது பார்ட்னர் ஆய்வு, ஐரோப்பாவில் நடந்தது. முதல் கட்டத்தில் ஆண்–பெண் ஜோடிகள், ஆண்–ஆண் ஜோடிகள் இரண்டும் இருந்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உடலுறவு. இரண்டாம் கட்டம் ஆண்–ஆண் ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொண்டது, 2019இல் முடிவு வெளியானது, அதில் சுமார் 76,000 முறை. துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. ஆய்வுக் காலத்தில் சிலருக்குப் புதிதாகத் தொற்று வரத்தான் செய்தது. அந்த வைரஸின் மரபணுவைத் துணையுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை, வேறு யாரிடமிருந்தோ வந்தது. இதைவிடக் கறாராக எப்படிச் சோதிப்பது?

உலக சுகாதார நிறுவனமும் 2023இல் இதையே சொன்னது: வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவுத் துணைக்குத் தொற்றும் அபாயம் பூஜ்யம்.

மழைத்துளி

அன்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும், இல்லையென்றால் அரைகுறையாகப் போய்விடும். அந்த பூஜ்யம் உடலுறவுக்குத்தான். தாய்ப்பாலுக்கு, மருந்து ஒழுங்காக எடுத்தால் அபாயம் 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும், பூஜ்யம் என்று சொல்வதில்லை. போதை ஊசியைப் பகிர்வதற்கும் அதே உறுதியைத் தருவதில்லை. அப்புறம், மருந்தை நிறுத்தினால் சில வாரத்திலேயே வைரஸ் திரும்பி வரும். மாத்திரை இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. மற்றப் பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

கயல்

பிறவியிலேயே வந்தது என்று குணசீலன் சார் எழுதியிருந்தாரே. அம்மாவுக்கு இருந்தால் குழந்தைக்குக் கட்டாயம் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கருவைக் கலைக்கச் சொல்லியே வற்புறுத்தினார்கள்.

செவிலி மரகதம்

அநியாயம். எந்த மருந்தும் எடுக்காவிட்டால்கூட, தாய்ப்பால் காலத்தையும் சேர்த்து, 15 முதல் 45 விழுக்காடு வரைதான் வாய்ப்பு. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அப்போதும் வராது. தாய் மருந்து எடுத்து, குழந்தைக்கும் பிறந்தவுடன் மருந்து கொடுத்தால் 5 விழுக்காட்டுக்குக் கீழே. கர்ப்பத்துக்கு முன்பே ஆரம்பித்து வைரஸை அடக்கியிருந்தால் 1 விழுக்காட்டுக்கும் கீழே. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை முற்றாகக் கட்டுப்படுத்திய முதல் நாடு என்று 2015இல் கியூபாவை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பிறகு வேறு சில நாடுகளும் சேர்ந்துவிட்டன.

அந்தப் பெண்ணிடம் வற்புறுத்தியவர்கள் செய்யவேண்டியிருந்தது எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போவதுதான். வேறு ஒன்றும் இல்லை.

ராகவன் வாத்தியார்

இளவேனிலின் முதல் கேள்விக்கு வருகிறேன். பட்டியலாகச் சொல்லித்தந்ததுதான் கோளாறு என்பதில் எனக்கு முழு உடன்பாடு, வகுப்பில் தினம் பார்க்கிறேன். ஆனால் காரணம் சொன்னால் மட்டும் பயம் போய்விடும் என்று நினைக்கவில்லை. யார் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள் என்பதும் முக்கியம்.

ரையான் வைட் என்ற பையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்காரன். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய், அதற்குக் கொடுத்த ரத்தப் பொருளிலிருந்தே எச்.ஐ.வி. வந்தது. 1984 டிசம்பரில் தெரிந்தது, அப்போது அவனுக்கு 13 வயது. அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள். வழக்குப் போட்டு உள்ளே போனால் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். நாளிதழ் போடும் வேலை பார்த்தான், சிலர் அவன் தொட்ட நாளிதழ் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். கடைசியில் அந்தக் குடும்பம் ஊரையே மாற்றியது.

1987இல் சேர்ந்த புதுப் பள்ளியில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அவன் வருவதற்கு முன்னாலேயே மாணவர்களுக்கு இந்த நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள். முதல் நாள் அவனிடம் கைகுலுக்கி வரவேற்றார்கள். ஒரே மாநிலம், ஒரே பையன், இரண்டு ஆண்டுதான் இடைவெளி. விஞ்ஞானம் அதற்குள் பெரிதாக மாறவில்லை, டம்ளரால் பரவாது என்பது 1985லேயே தெரியும். பயம் வேர்விடுவதற்கு முன்னால் போய்ச் சொன்னார்கள், பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். அவன் 1990 ஏப்ரலில் இறந்துபோனான். கூட்டு மருந்து வர இன்னும் ஆறு வருடம் இருந்தது.

அதே 1987 ஏப்ரலில்தான் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இளவரசி டயானா எய்ட்ஸ் நோயாளி ஒருவரிடம் கையுறை இல்லாமல் கைகுலுக்கினார். அந்த ஒரு படம் செய்ததை எத்தனை துண்டுப் பிரசுரம் செய்திருக்கும்?

இளவேனில், தாளைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, நாளைக்கு நீங்களே போய் அந்த டம்ளரை எடுத்து மற்றவற்றோடு வையுங்கள். நாலு பேர் பார்க்கும்போது வையுங்கள்.

இளவேனில்

வைக்கிறேன் சார். ஆனால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான். ஏற்கெனவே எல்லார் கண்ணும் அவர் மேல்தான் இருக்கிறது, நான் வேறு காட்சிப்பொருள் ஆக்கிவிடக்கூடாது.

ராகவன் வாத்தியார்

சரியாகச் சொன்னீர்கள். அப்படியே செய்யுங்கள்.

புதியவன்

தலைப்பிலிருந்து விலகுவதற்கு மன்னிக்கவும். சில மாதம் முன்னால் ஒரு தவறு செய்துவிட்டேன், பாதுகாப்பு இல்லாமல். பத்து நாளில் ஒரு பரிசோதனை, நெகட்டிவ். ஆனால் அதற்குப் பிறகு உடம்பில் எது வந்தாலும் அதுதானோ என்று இருக்கிறது. நாக்கில் வெள்ளை, கழுத்தில் கட்டி மாதிரி, தூக்கத்தில் வியர்வை. இரவெல்லாம் இணையத்தில் அறிகுறி தேடுகிறேன். அம்மாவை முத்தமிடவே பயமாக இருக்கிறது.

ஆய்வக அன்பு

தம்பி, முதலில் அம்மாவுக்கு முத்தம் கொடுங்கள். உங்களுக்குத் தொற்று இருந்தாலும் அதனால் அவருக்கு வராது.

அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. தொற்றிய இரண்டு முதல் நாலு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு வரும், பலருக்கு ஒன்றுமே வராது. சாதாரண வைரஸ் காய்ச்சலும் அதே மாதிரிதான் இருக்கும்.

பத்தாம் நாள் எடுத்த நெகட்டிவ் அறிக்கையை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாத ஒரு இடைவெளி உண்டு. ஆய்வகத்தில் ரத்த நாளத்திலிருந்து எடுத்துச் செய்யும் நாலாம் தலைமுறைப் பரிசோதனை (வைரஸின் புரதத்தையும் நம் உடம்பின் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) என்றால் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். விரல் நுனியில் எடுக்கும் விரைவுப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு 23 முதல் 90 நாள். நீங்கள் மாதக் கணக்கைத் தாண்டிவிட்டீர்கள். நாளைக்குப் போய் ஒரே ஒரு தடவை பரிசோதனை செய்தால் அதுவே முடிவான பதில், நடுவில் வேறு சம்பவம் எதுவும் இல்லை என்றால்.

செவிலி மரகதம்

தனியாகப் போக பயமாக இருந்தால், பரிசோதனை மையத்தில் இருக்கும் ஆலோசகரிடம் முதலில் பேசுங்கள் தம்பி, ரத்தம் அப்புறம் கொடுக்கலாம். ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்தாலும் உடனே மருந்து ஆரம்பித்துவிடலாம். மழைத்துளி எழுதியதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள்.

2023 முடிவில் உலகத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர். அதில் 86 விழுக்காட்டினருக்குத்தான் தங்களுக்கு இருப்பது தெரியும். மீதி அரைக்கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தெரியாது. தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், அப்போது பெரும்பாலும் யாரும் பரிசோதனைக்கே போயிருக்க மாட்டார்கள். நம் பயம் போகவேண்டிய திசை அது. பயம்கூட வேண்டாம், ஆணுறையும் பரிசோதனையும் போதும். தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரையும் இருக்கிறது, 2012லிருந்து புழக்கத்தில் உள்ளது.

கயல்

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றும். திரையரங்க இருக்கையில் ஊசி, பழத்துக்குள் ரத்தம் ஏற்றி விற்கிறார்கள், இந்த மாதிரி.

ஆய்வக அன்பு

பழம்: காற்றுப் பட்ட ரத்தம், பழச்சாற்றின் புளிப்பு, அப்புறம் வயிற்று அமிலம். மூன்று கேள்வியையும் நீங்களே போட்டுப் பாருங்கள். அப்படி யாருக்கும் தொற்றியதாக உறுதியான ஒரு நிகழ்வும் கிடையாது. இருக்கை ஊசிக் கதையும் அதே ரகம்.

ஆனால் ஊசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காய்ந்தால் வைரஸ் செத்துவிடும் என்று மேலே சொன்னேன். மூடிய சிரிஞ்சுக்குள் ரத்தம் காயாமல் இருந்தால் கதை வேறு. வெப்பநிலையைப் பொறுத்து 42 நாள் வரைகூட அதில் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வக சோதனையில் கண்டிருக்கிறார்கள். போதை ஊசியைப் பகிர்வது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒரு காரணம். குப்பையில் ஊசி கிடந்தால் வெறும் கையால் எடுக்காதீர்கள், குத்திவிட்டால் மரகதம் அக்கா சொன்ன அந்த 72 மணி நேரம்.

குணசீலன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மகளிடமும் போனில் பேசினேன். "அப்பா, அவ மாத்திரை சாப்பிட மறந்தா ஞாபகப்படுத்துறதே நான்தான்" என்கிறாள். அறை மாற்றும் பேச்சை விட்டுவிட்டேன். எனக்கு இரண்டே கேள்வி. மரகதம் அம்மா, அந்தப் பெண்ணுக்கு அடிபட்டு ரத்தம் வந்தால் இவள் என்ன செய்யவேண்டும்? விடுதிக் காப்பாளருக்கு இது தெரிந்திருப்பது நல்லதில்லையா?

செவிலி மரகதம்

முதல் கேள்வி. கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பை அல்லது கனமான துணியைக் கையில் சுற்றி, காயத்தை அழுத்திப் பிடிக்கட்டும். அந்தப் பெண்ணே அழுத்திப் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. தரையில் சிந்தியதை ப்ளீச் தண்ணீர் ஊற்றி, சற்று நேரம் விட்டுத் துடைக்கவேண்டும். கையில் ரத்தம் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அறையில் யாருக்கு அடிபட்டாலும் இதே முறைதான், உங்கள் மகளுக்கு அடிபட்டால் அந்தப் பெண்ணும் இதையேதான் செய்யவேண்டும். ரேஸர் மட்டும் இருவருக்கும் தனித்தனி. உங்கள் மகள் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த விடுமுறையிலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாவதுக்கு, வேண்டாம் சார். காப்பாளருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்யவேண்டும். உங்கள் மகளை நம்பிச் சொன்னது உங்கள் மகளோடு இருக்கட்டும்.

குணசீலன்

சரி அம்மா. தடுப்பூசி போட்டதாக நினைவில்லை. இன்றைக்கே கேட்கிறேன்.